கறுப்புக் காரும் உப்புத் தண்ணீரும்

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சோப்பு வாளியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே போய்க் குளித்து, சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கார் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கூரையில், முன்பக்க மூடியில், கதவுகளில், கண்ணாடியில், ஓர் இடம் பாக்கியில்லை. குழந்தைக்கு அம்மை வார்த்தது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் ஜெபராஜ் வாசற்படியில் நின்று பார்த்தார். திசையன்விளைப் பக்கத்து ஆள். இத்தனை வருஷம் ராயபுரத்தில் கடை வைத்திருந்தும் அவர் பேச்சு அந்தப் பக்கத்தை விட்டு இறங்கவில்லை.

"ஏட்டி, காரைக் கழுவுனியா, சுண்ணாம்பு அடிச்சியா?"

ஐம்பது வயதுக்கு மேல் நான் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியதைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். ஓட்டுவதைவிடக் கழுவுவதுதான் கஷ்டமாக இருந்தது என்பதை இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. அதில் ஒரு மனிதரும் வருகிறார்.

நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் கட்டடம் கடலுக்குப் பக்கம். எங்கள் வீடு தரைத்தளத்தில். போர் போட்டு எடுக்கும் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், வாளியின் உட்புறம் வளையம் வளையமாகப் படியும். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் தலைமுடி கொட்டுகிறது என்று புலம்புவார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர். அது வந்து கீழே இருக்கும் தொட்டியில் விழும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று பங்கு. அதன் பெயரே நல்ல தண்ணி.

எங்கள் கடையும் இதே சமாசாரம்தான். பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். மழை பெய்தால் வாளி போகும், பெய்யாவிட்டால் குடம் போகும். அந்தக் கடையில்தான் என் வயதில் பாதிக்கு மேல் போனது. அங்கே உட்கார்ந்திருந்த நாளெல்லாம் தண்ணீரைப் பாத்திரத்தோடு சேர்த்துத்தான் யோசித்திருக்கிறேனே தவிர, அது காய்ந்த பிறகு என்ன மிச்சம் வைக்கும் என்று யோசித்ததில்லை.

கறுப்புக் கார் வேண்டாம் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கன்டெய்னர் லாரி போகிற ரோடு, துறைமுகத் தூசி, கரித்தூள், வெள்ளை வாங்கினால் தெரியாது என்றார்கள். எனக்குக் கறுப்பு பிடித்திருந்தது. கல்யாணப் புடவை முதல் கடைப் பலகை வரை என் வாழ்க்கையில் வந்த நிறங்களை வேறு யாராவதுதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதையாவது நான் எடுக்கிறேன் என்றேன். ஜெபராஜ் சரி என்றுவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

வாரம் ஒரு வைத்தியம்

புள்ளியைப் போக்க முதலில் எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பிறகு வினிகரில் தண்ணீர் கலந்து துணியில் தோய்த்துத் துடைத்தேன். புதிய புள்ளிகள் அதில் போயின. வெயிலில் வெந்து பெயின்டுக்குள் இறங்கியவை போகவில்லை. ஊறுகாய் வாசனை மட்டும் ஒரு வாரம் இருந்தது.

ஜெபராஜ் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் மிஷினிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கழிவுத் தண்ணீர் வீணாகப் போகிறதே, அதைப் பிடித்துக் கழுவலாம் என்றார். எதுவும் வீணாகப் போனால் பொறுக்காதவர். அந்த மிஷின் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் வருகிறது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. காய்ந்த பிறகு கார் திருநீறு பூசியது போல நின்றது. அதில் ஏறித்தான் நாங்கள் ஆராதனைக்குப் போனோம். சர்ச் வாசலில் ஒருவர், "எந்தக் கோயிலுக்குப் போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

மெல்ல மெல்ல விஷயம் பிடிபட்டது. தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. அதனால் தண்ணீர் தானாகக் காயும் முன் நாம் அதை எடுத்துவிட வேண்டும். சூடான தகரத்தில் ஊற்றினால் நமக்கு நேரமே கிடைக்காது. ஆகவே கட்டடத்தின் நிழல் விழும் பக்கவாட்டுச் சந்துக்குக் காரைக் கொண்டுபோனேன். முழுக் காரையும் நனைக்காமல் கூரை, பிறகு ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு என்று பகுதி பகுதியாகக் கழுவினேன். பூந்துவாலை போன்ற தடித்த துணியை விரித்துப் போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். பக்கக் கண்ணாடியின் இடுக்கிலும் நம்பர் பலகைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் தண்ணீர், எல்லாம் முடிந்தது என்று நிமிரும்போதுதான் வழியும். அதற்காகத் தெருமுனை வரை ஒருமுறை ஓட்டிப் போய்விட்டு வந்து மறுபடி துடைத்தேன்.

இவ்வளவு செய்தும் புள்ளிகள் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. நான் ஒரு கதவைத் துடைப்பதற்குள் இன்னொரு கதவு காய்ந்துவிடும். கடைசியாக ஊற்றும் தண்ணீர் மட்டும் உப்பில்லாமல் இருந்துவிட்டால் காய்ந்தாலும் கவலையில்லை என்று தோன்றியது. எங்கள் பங்கு நல்ல தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து வந்தேன்.

மாடி வீட்டுக் கஸ்தூரி

குடத்தைச் சாய்த்ததும் மேலேயிருந்து குரல் வந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கும் கஸ்தூரி, மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள்.

"யக்கா, இன்னா பண்ற நீ?"

"கார் கழுவுறேன்."

"அது தெர்து. கொடத்துல இன்னா?"

"என் வீட்டுப் பங்குதான் கஸ்தூரி."

"பங்குன்னா? குடிக்கிற தண்ணிய இரும்பு மேல ஊத்துவியா? மேல ஒருத்தரு மாத்திர முழுங்கணும்னாகூட நான் லாரி எப்ப வரும்னு பாத்துகினு கீறேன்."

குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அந்த வாரம் புள்ளியோடுதான் கார் ஓடியது.

மேலே இருந்த அந்த ஒருத்தர் அவள் வீட்டுக்காரர் தனபால். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. வேலையில் தின்ற தூசியா, பிடித்த பீடியா என்று டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னார்களாம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்குப் போகும். தெருத்தூசி வரக் கூடாது என்று ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். அதனால் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஏசியின் தண்ணீர்க் குழாய் எங்கள் சந்தில்தான் சொட்டும். சரியாக என் காரின் மேல். அதை வேறு பக்கம் திருப்பச் சொல்லி அதற்கு முந்தின மாதம் நான் கஸ்தூரியோடு சத்தம் போட்டிருந்தேன்.

ஒரு வாளி கேட்டேன்

ஒருநாள் காரை வெளியே எடுக்கும்போது பார்த்தேன். முன்பக்க மூடி முழுக்கப் புள்ளிகள், நடுவில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குப் பளிங்குக் கறுப்பு. குழாய் சொட்டிச் சொட்டி விழுந்த இடம் அது. சொட்டியது, காய்ந்தது, மறுபடி சொட்டியது. ஆனாலும் ஒரு தடமில்லை. காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், அதில் உப்பு எங்கிருந்து வரும்?

மாடி ஏறிப் போனேன். சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துக் கஸ்தூரி கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"உங்க ஏசித் தண்ணி எனக்கு வேணும். கீழே ஒரு வாளி வெச்சுக்கட்டுமா?"

"அத்த வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"காருக்குத்தான். அதுல கழுவினா புள்ளி விழாது."

"போன மாசம் சொட்டக் கூடாதுன்ன. இப்ப வேணும்ன்ற." அவள் சிரித்துவிட்டாள். "எட்துக்கோ. ராவும் பகலும் ஓடிகினுதான் கீது. அவரு இருக்கிற வரிக்கும் ஓடும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகவே கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைச்சலில்லை. காலையில் பார்த்தால் வாளி நிறைந்திருக்கும். தூசி இருந்தால் போகட்டும் என்று துணியில் வடிகட்டி மூடி வைப்பேன். அழுக்குக்கும் சோப்புக்கும் உப்புத் தண்ணீர், கடைசி ஊற்றலுக்கு மட்டும் ஏசித் தண்ணீர், உடனே துணி. கார் அன்று முதல் கார் போல இருந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. நான் குள்ளம். கூரையின் நடுப்பகுதி எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் துணியை வீசி இழுப்பேன். அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது மேலே டக் டக் என்று சத்தம் கேட்டது. சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் தனபால், மூக்கில் குழாயோடு, கையில் ஒரு ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார். ஸ்பூனால் கண்ணாடியைத் தட்டிவிட்டு விரலை நீட்டி இடது பக்கம் காட்டினார். துணியை இடது பக்கம் நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் என்றார் கையாலேயே. நகர்த்தினேன். தலையாட்டினார்.

அதிலிருந்து ஞாயிறு காலைகளில் அவர் கட்டிலை விட்டு எழுந்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவது வழக்கமாயிற்று. எனக்குத் தெரியாத கூரை அவருக்கு முழுசாகத் தெரிந்தது. ஒரு சொட்டையும் விட மாட்டார். சில நாள் ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டி என்னைத் துடைக்க வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரிப்பார். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் அவர் அதிகம் பேசமாட்டார் என்று கஸ்தூரி சொன்னாள். எங்களுக்குள் அதுவரை ஒரு வார்த்தை நடந்ததில்லை.

"வாரத்துல இந்த ஒரு நாளுதான் நான் எழுந்திரி எழுந்திரின்னு சொல்லாம அவரா எழுந்துக்கிறாரு" என்றாள்.

நுரையோடு போனது

அப்படி ஒரு ஞாயிறு. கார் முழுக்க நுரை. கஸ்தூரி படியில் ஓடி வந்தாள்.

"யக்கா, கரண்டு போச்சி. மிஷினு நின்னுபோச்சி. வெச்சிருந்த பேட்டரியும் பூட்ச்சி. சின்ன சிலிண்டருல கொஞ்சம்தான் கீது. ஆம்புலன்ஸு ட்ராபிக்ல மாட்டிகினு கீதாம்."

எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருந்தது. ஜெபராஜும் எதிர்வீட்டுக்காரரும் தனபாலை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினேன். நுரையைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. வைப்பரைப் போட்டதும் கண்ணாடியில் அது பால் போலப் பரவியது. ஒரு கை அகலத்துக்குத் தெரிந்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அப்படியொரு வரிசைக்குள் அதுவரை நான் காரை விட்டதில்லை. ஜெபராஜ் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போணும்! கொஞ்சம் ஒதுங்குங்க தம்பி!"

பக்கத்து லாரி டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, வண்டி குளிச்சிகினு இருக்க சொல்லவே கெளம்பிட்டியா?" என்றார். அடுத்த நொடி அவர் பார்வை பின்சீட்டுக்குப் போனது. கஸ்தூரியின் மடியில் சிலிண்டர், அவள் தோளில் தனபாலின் தலை. டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். பின்னால் நின்ற லாரியின் முகப்பைக் கையால் அறைந்தார். "பின்ன வாங்குடா! வழி வுடு!" ஒரு லாரி பின்னால் நகர, இன்னொன்று முன்னால் ஏற, ஒரு கார் நுழையும் அளவுக்குச் சந்து பிறந்தது. பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு உள்ளே விட்டேன்.

பின்சீட்டைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன். தனபாலின் கண் திறந்திருந்தது. சிலிண்டரின் முகமூடிக்குள் ஏதோ சொன்னார். கஸ்தூரி குனிந்து கேட்டாள்.

"இன்னா சொல்றாரு?" என்று ஜெபராஜ் கத்தினார். பதற்றத்தில் அவருக்கே மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது.

"நுர காயுதாம்" என்றாள் கஸ்தூரி.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் கிடைத்தது. உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வெயிலில் கார் நின்றது. நாங்கள் திரும்பி வர மத்தியானம் ஆயிற்று. சோப்பும் உப்பும் சேர்ந்து வெந்து, முன்பக்க மூடியில் அலை அலையாக இறங்கியிருந்தன. பிறகு பாலிஷ் கடையில் எவ்வளவோ செய்து பார்த்தும் அது முழுசாகப் போகவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

தனபால் பிழைத்து வீட்டுக்கு வந்தார். மறுபடி சில மாதங்கள் ஞாயிறுதோறும் ஸ்பூன் சத்தம் கேட்டது. மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை.

கஸ்தூரி அழவில்லை. சொந்தக்காரர்களுக்குப் போன் செய்தாள், பந்தலுக்குச் சொன்னாள், வந்தவர்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். எல்லாம் முடிந்த அன்று ஏசியை அணைத்தாள். அத்தனை காலம் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தாள். கீழே குழாய் காய்ந்தது. அவள் கண்ணில் படும் முன் வாளியை எடுத்து உள்ளே வைத்தேன்.

சடையங்குப்பத்துக்கு

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை கஸ்தூரி கீழே வந்தாள். சடையங்குப்பத்தில் அவளுக்குத் தங்கை முறையாகும் செல்வி இருக்கிறாள். செல்வியின் மாமியாருக்கு மூச்சுத் திணறல், அதே மிஷின் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இங்க சும்மாதான் கீது. கொண்டும்போய்க் குட்த்துட்டு வந்துர்லாமாக்கா?"

மிஷினைப் பின்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டோம். கஸ்தூரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சடையங்குப்பத்தில் வெள்ளம் வடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சுவர்களில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கார் கதவுப் பிடி வரை சேறு அப்பியது.

செல்வியின் வீட்டில் மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி வேகவேகமாகச் சொல்லிக் கொடுத்தாள். "இந்த பில்டர வாரம் ஒரு தபா கழுவணும். டாக்டரு சொன்ன நம்பரு இது, இத்த நீங்களா ஏத்தக் கூடாது. குழா மடங்காம பாத்துக்கோ. அப்பறம் இத்த..." சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டாள்.

மிஷின் ஒருமுறை இருமியது போல அதிர்ந்தது. பிறகு உள்ளுக்குள் ஒரு தட்டல், ஒரு நீண்ட சீறல். மறுபடி தட்டல், மறுபடி சீறல்.

கஸ்தூரி பேச்சை நிறுத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மிஷின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில் அழாத அழுகை. செல்விக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூக்கில் குழாய் மாட்டியிருந்த அந்த அம்மாதான் கையை நீட்டி அவள் முதுகில் வைத்தார்.

திரும்பும் வழியில் மணலி தாண்டியதும் கஸ்தூரி சொன்னாள்.

"வூட்ல சத்தமே இல்லக்கா. அந்த சத்தத்துலயே தூங்கிப் பழகிட்ச்சி. இப்ப கண்ண மூடுனா, நின்னுபோச்சேன்னு எழுந்து எழுந்து ஒக்கார்றேன்."

"எங்க வீட்ல வந்து படு" என்றேன்.

"ஒன் வூட்ல ஒங்க வூட்டுக்காரரு கொறட்ட சத்தம் மேல வரிக்கும் கேக்குது. அத்த வெச்சிதான் இப்ப கொஞ்சம் தூங்குறேன்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மறுநாள் காலை சந்தில் காரைக் கழுவ உட்கார்ந்தேன். உப்புத் தண்ணீர்தான் இருந்தது. சேற்றை ஊறவைத்து இறக்கவே வாளி வாளியாகப் போயிற்று. மேகம் விலகி வெயிலும் வந்துவிட்டது. புள்ளி விழுந்தால் விழட்டும் என்று முதல் கதவில் ஊற்றினேன்.

கஸ்தூரி இறங்கி வந்தாள். கையில் வெள்ளைத் துணி, நான்காக மடித்தது. நான் தண்ணீர் ஊற்றிய கதவில் அதை விரித்து, அழுத்தி, எடுத்தாள். பிறகு அடுத்த மடிப்பைத் திருப்பினாள். துணியின் ஓரத்தில் பச்சைக் கரை இருந்தது. நல்ல வேட்டி, நடுவில் கிழிக்கப்பட்டிருந்தது.

நான் வாளியோடு நின்றுவிட்டேன்.

"கஸ்தூரி, இது அவரோட..."

"காஞ்சிடப் போவுது" என்றாள் அவள், நிமிராமல். "பேசாம ஊத்துக்கா."